எந்த ஞாயிறு என்று சொல்லுங்கள், போதும்

ராணுவப் பயிற்சி மையங்களின் தளபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டா எடுத்துக் கொடுப்பது, கல்லூரி விண்ணப்பம், பட்டாளத்து விண்ணப்பம் எல்லாமே இங்கேதான் நடக்கும். 2022 ஜூனில், நான்கு வருடத்துக்கு ‘அக்னிவீர்’ என்று பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததிலிருந்து எத்தனையோ பையன்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மார்க், கம்பியில் பத்துத் தரம் உடம்பைத் தூக்கினால் 40 மார்க் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பையன்களில் ஒருவன் என் தம்பி.

அவன் பயிற்சியில் இருந்தபோது நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். அதைப் பற்றித்தான் இந்த மடல். எந்த மையம் என்று எழுதப் போவதில்லை. அவன் இன்னும் சீருடையில் இருக்கிறான் என்பது ஒன்று. பிள்ளைகளை வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பியவர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று.

எங்கள் பக்கத்துப் பையனுக்கு வெலிங்டன் கிடைத்தால் வீட்டில் நிம்மதி. 1758ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கே, குன்னூரை ஒட்டி இருக்கிறது. மேட்டுப்பாளையம் போய் மலை பஸ் ஏறினால் முடிந்தது. பெங்களூருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை கிடைத்தாலும் கவலையில்லை. அந்த ஜவான்களைத் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்களாம். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், டாங்கிப் படை என்றால் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) என்று ஆளுக்கு ஒரு திசை. என் தம்பிக்கு விழுந்தது வடக்கே ஓர் ஊர். முத்துநகர் எக்ஸ்பிரசில் எழும்பூர், எழும்பூரிலிருந்து ஆட்டோவில் சென்ட்ரல், சென்ட்ரலிலிருந்து ஒன்றரை நாள்.

அவனை அனுப்பிய அன்றிலிருந்து எங்களுக்கு உங்கள் மையத்தோடு இருந்த ஒரே தொடர்பு அவனுடைய போன்தான். முதல் சில வாரம் அதுவும் இல்லை. அப்புறம் ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா "சாப்பிட்டியா" என்று நான்கு தரம் கேட்பாள், அவன் நான்கு தரம் "சாப்பிட்டேன்" என்பான், லைன் கட்டாகிவிடும். மற்ற சேதியெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். ஒரே பேட்சில் சேர்ந்த பையன்களின் குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு அது. பாதி இந்தி வாய்ஸ் மெசேஜ், மீதி வதந்தி. 31 வாரப் பயிற்சியில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, அது முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டார் போய்ப் பார்க்கலாம் என்று அதில் ஒருவர் போட்டார். எங்கே கேட்டார், யார் சொன்னார், ஒன்றும் தெரியாது. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. நம்பிக் கிளம்பினோம்.

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். ஆறு நாள் கூலி போயிற்று. ஆடுகளை அப்பா பார்த்துக்கொண்டார். இரண்டு கிலோ கடலைமிட்டாய், சாத்தூர் காராச்சேவு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், பூண்டு ஊறுகாய், அதிரசம். அதிரசத்துக்கு அரிசி இடித்தது முதல் கட்டிவைத்தது வரை அம்மா என்னைத் தொடவே விடவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு மெயின் கேட்டில் நின்றோம். போர்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்டில் காவல் இருந்த ஆர்.பி. (ரெஜிமெண்டல் போலீஸ்) ஜவான் மூன்று கேட்டார். பையனின் ஆர்மி நம்பர், அவன் எந்தப் பிரிவு என்று காட்டும் கம்பெனியும் பிளட்டூனும், எங்கள் ஆதார் ஜெராக்ஸ். நம்பர் தெரியாது. கம்பெனி தெரியாது. பெயரைச் சொன்னோம், அந்தப் பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று விரலைக் காட்டினார். ஆதார் அசல் இருந்தது, ஜெராக்ஸ் இல்லை. வருடம் முழுக்க ஊருக்கே ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவள், இத்தனை தூரம் வந்து கையில் ஒரு ஜெராக்ஸ் இல்லாமல் நிற்கிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எதிரே இருந்த கடைகள் ஞாயிறு என்று மூடிக் கிடந்தன. ஆட்டோ பிடித்து ரயில்வே ஸ்டேஷன் வரை போய் எடுத்து வந்தேன். ஆட்டோவுக்கு 240 ரூபாய், ஜெராக்ஸுக்கு 4 ரூபாய்.

திரும்பி வந்தபோது அம்மா ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார வேறு இடம் இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், பீகார்க்காரர், வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தார். மடியில் ஐந்து கிலோ பெயிண்ட் டப்பா, உள்ளே நெய். மகனுக்காக வீட்டில் காய்ச்சியதாம். எனக்கு டிவி பார்த்து வந்த இந்தி, அவருக்குத் தமிழ் சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டில் எத்தனை எருமை என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்கு அவருக்குப் பதில் வந்தது. மகனுடைய கம்பெனி துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு வெளியே போயிருக்கிறது, வர நான்கு நாள் ஆகும். அவருக்கு அன்று ராத்திரியே திரும்ப ரயில். கேட்டில் நெய்யை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பெரியவர் சண்டை போடவில்லை. டப்பாவின் மூடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் கதையை விட அவர் கதைக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

தம்பி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மொட்டைத் தலை, வெள்ளை டீ சர்ட், கறுத்து இளைத்து ஒருவன் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றான். அம்மா அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், மகன் எங்கே என்று. "அம்மா" என்றதும்தான் திரும்பினாள். கட்டிப்பிடிக்கப் போனவளுக்கு முன்னால் அவன் விறைப்பாக நின்றான். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டியாடா?"

"ஜி."

அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா சிரித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவன் தோள் இறங்கியது. வீட்டில் செய்தது எதையும் கேட்டில் விடவில்லை. அதிரசமும் ஊறுகாயும் வெளியே பையிலேயே இருந்தன. பாக்கெட்டில் ஒட்டியிருந்த கடலைமிட்டாயை மட்டும் விட்டார்கள். நின்றபடியே ஆறு துண்டு தின்றான். அம்மா அவன் உள்ளங்கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். கம்பியில் தொங்கித் தொங்கி விரல் அடியில் எல்லாம் காய்த்திருந்தது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிக் காய்த்த தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

இருபது நிமிடம். அவ்வளவுதான் நேரம் என்றார்கள். அந்த உஸ்தாத் பத்து நிமிடம் கூடுதலாக விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். போகும்போது அம்மாவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுத்தான் போனார். அவர் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. கேட்டில் இருந்த ஜவான் மேலும் இல்லை. அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் செய்தார். எங்களுக்கு யாரும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம்.

இந்த மடலை எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் 1974ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். "பட்டாளத்துக்கே லெட்டர் எழுதுறியா? எங்க காலத்துல யாரு பார்க்க வந்தா? இன்லேண்ட் லெட்டர்ல அட்ரஸ்கூட 56 ஏ.பி.ஓ.ன்னு ஆர்மி தபால் ஆபீஸ் நம்பர்தான் இருக்கும், நான் எந்த ஊர்ல இருக்கேன்னே உங்க பாட்டிக்குத் தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்தில் வீட்டு ஆள் முகத்தைப் பார்த்துவிட்டால், மறைத்து வைத்திருந்த ஏக்கமெல்லாம் கிளம்பிவிடும், மறுநாள் டிரில்லில் கால் தப்பும் என்று. அது உண்மைதான். நாங்கள் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி தூங்கவே இல்லை என்று தம்பியும் பின்னால் ஒத்துக்கொண்டான். அதனால், அடிக்கடி பார்க்க விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் பத்து வாரம் கூடவே கூடாது என்றால் சரி. 31 வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் என்றாலும் சரி. அது எந்த ஞாயிறு என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டி என்றால் எவ்வளவு முன்னால் என்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்னால் 120 நாளாக இருந்தது. வடக்கே போகிற வண்டியில் ஸ்லீப்பர் என்ன வேகத்தில் தீர்ந்துபோகும் என்று டிக்கெட் போட்டவர்களுக்குத் தெரியும். இரண்டரை மாதம் முன்னால் தேதி தெரிந்தால் கூலிக்காரக் குடும்பமும் படுத்துக்கொண்டு போய் வரலாம். கடைசி நேரத்தில் தெரிந்தால் தட்கலுக்கு அம்மாவின் ஒரு வாரக் கூலி போகும். நாங்கள் போகும்போது தட்கல். வரும்போது ஒரே பெர்த்தில் இரண்டு பேர்.

அக்னிவீர் என்பதால் இது இன்னும் கூடுதலாக உறைக்கிறது. பழைய ஜவான்களுக்கு வருடத்தில் 90 நாள் லீவ். இவர்களுக்கு 30. நான்கு வருடம், பிறகு நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வீர்கள். முதல் வருடச் சம்பளம் 30,000, அதில் 9,000 நான்கு வருட முடிவில் மொத்தமாகத் தருகிற சேவா நிதிக்குப் போக கையில் 21,000. இந்த எண்களை எல்லாம் கடையில் பையன்களின் அப்பாக்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்கிறேன். கடைசியில் அம்மாக்கள் ஒன்று கேட்பார்கள். "பார்க்க விடுவாங்களா?" அந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இருப்பதில்லை, ஏனென்றால் நான் பார்த்த வரையில் எந்த அறிவிப்பிலும் அது இல்லை.

உங்களால் முடியாதது இல்லை என்று எனக்குத் தெரியும். பயிற்சி முடிந்து சத்தியம் செய்கிற கசம் பரேடுக்கும் போயிருந்தோம். அதே கேட், அதே ரோடு. அன்றைக்கு மட்டும் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. சாமியானா போட்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவர ராணுவ வண்டி. தேசியக் கொடிக்கு முன்னால், அவரவர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் சத்தியம் செய்தார்கள். அம்மாவின் சேலையிலும் ஒரு பதக்கம் குத்திவிட்டார்கள், கௌரவ் பதக் என்று. அது இப்போது எங்கள் வீட்டு சாமி அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே இருக்கிறது. அந்த விழாவுக்குத் தேதியும் நேரமும் கொண்டுவர வேண்டியதும் சொல்லி முறையாகத் தகவல் வந்தது. நிகழ்ச்சி உங்களுடையது என்றால் அழைப்பு வருகிறது. தாய் மகனைப் பார்க்க வருவது எங்கள் சொந்த வேலை ஆகிவிடுகிறது.

சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் பயிற்சி முடிகிற நாளில், அம்மாவும் அப்பாவும் பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்திவிடுவதை டிவியில் பார்ப்பேன். நல்ல வழக்கம். ஆனால் அதிகாரியின் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியும். சந்தேகம் என்றால் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். போன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டும் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பது ஜவான் வீட்டு ஆட்கள்தான். எழுதிக் கொடுக்க வேண்டியது முதலில் அவர்களுக்கு.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் குடியேறி முப்பது வருடம். அங்கே ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் கட்டாய ராணுவம். மகனைச் சேர்க்கிற அன்று தெக்கோங் தீவுக்குப் படகில் குடும்பத்தையும் கூட்டிப் போய், பையன் படுக்கப்போகிற கட்டிலைக் காட்டி, அங்கேயே சாப்பாடு போட்டு அனுப்பினார்களாம். சின்ன நாடு, படகில் போய்த் திரும்பிவிடலாம். நமக்கு அது ஒத்துவராது. கட்டிலை எங்களுக்குக் காட்ட வேண்டாம். ஒரு ஏ4 தாள் போதும்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்று நானே ஒன்று டைப் செய்து வைத்திருக்கிறேன். தொழில் அதுதானே. இப்படிப் போகிறது:

"உங்கள் மகனின் ஆர்மி நம்பர், கம்பெனி, பிளட்டூன் கீழே உள்ளன. இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்திலிருந்து இந்த வாரம் வரை பார்க்க அனுமதி இல்லை. அதற்குப் பிறகு இந்தத் தேதிகளில், காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பார்க்கலாம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு இந்த நம்பருக்குப் போன் செய்து, மகன் மையத்தில் இருப்பாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ஆதார் அசலும் இரண்டு ஜெராக்ஸும் கொண்டுவரவும். வீட்டில் செய்த தின்பண்டம், ஊறுகாய், நெய் உள்ளே அனுமதி இல்லை. கடையில் பாக்கெட் செய்தது மட்டும். செல்போனைக் கேட்டில் ஒப்படைக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது."

அவ்வளவுதான். இதில் ராணுவ ரகசியம் ஏதாவது இருந்தால் அதை அடித்துவிடுங்கள். பையன் சேர்கிற அன்று அவன் கையில் இதைக் கொடுத்து வீட்டுக்குத் தபாலில் போடச் சொன்னால்கூடப் போதும். தமிழ்ப் பையனுக்குத் தமிழில், ஒடியாப் பையனுக்கு ஒடியாவில். மொழி கஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 அக்னிவீர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்று அறிவித்தது நீங்கள்தான். அத்தனை கேள்விகளை 13 மொழிகளுக்குக் கொண்டுபோகத் தெரிந்தவர்களுக்குப் பத்து வரி பெரிய வேலை இல்லை. தமிழுக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், காலையில் அனுப்பினால் சாயங்காலம் தருகிறேன், காசு வேண்டாம்.

அப்புறம், முடிந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்ச். வேப்பமரம் எல்லா ஊரிலும் இருக்காது.

தம்பி இப்போது யூனிட்டுக்குப் போய்விட்டான். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியப்பா சொன்ன 56 ஏ.பி.ஓ. விலாசத்துக்கு அம்மா கடலைமிட்டாய் பார்சல் போட்டுப் பார்த்தாள், போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் எங்கள் ஊரிலிருந்து மூன்று பையன்கள் பயிற்சிக்குக் கிளம்புகிறார்கள். மூன்று பேருக்கும் ஆதார் ஜெராக்ஸ் பத்துப் பத்து எடுத்துக் கொடுத்துவிட்டேன், வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து. ஒரு அம்மா நேற்று கடைக்கு வந்து காலண்டரை எடுத்துத் தரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். எதில் வட்டம் போடட்டும் என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஓர் அக்னிவீரனின் அக்கா